ஆரே

ஆரே என்று இந்த நதிக்குப் பெயர்.
எங்கள் வாயில் அது பாதி ஆறு, பாதி கேள்வி.
'ஆர்? ஆர்?' என்று கேட்டபடி
பச்சையாய்ப் போகிறது,
பதிலுக்கு நிற்பதில்லை.

ஞாயிறு. ஓல்ட்டனில் ஏறி நாலாவது நிறுத்தம்.
துளசிகாவின் கையில் போன்,
என் கையில் பென்சில்,
மைத்துனன் பகீரதன் கையில் மீன் பணிஸ்.
"கங்கையையே இறக்கினவன்ர பேர் எனக்கு,
ஒரு டப்பாவைக் கண்டுபிடிக்க மாட்டனோ?"
இரவு இரண்டு மணிவரை தட்டுக் கழுவியவன்;
விரல்களில் இன்னும் எலுமிச்சைச் சவர்க்கார வாசம்.

யாரோ ஒளித்துவைத்த டப்பா.
அட்சரேகை உண்டு, தீர்க்கரேகை உண்டு.
கடைசி மூன்று இலக்கங்களுக்கு மட்டும்
ஊரைப் படிக்கவேண்டும்.

முதலில் உப்புக் கிடங்கு.
வாசற்கல்லில் வெட்டிய ஆண்டின் மூன்றாம் எண்.
உள்ளே இப்போது யோகா வகுப்பாம்.
பகீரதன் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"உப்பில்லை" என்றான், கடையில் ஏமாந்தவன்போல.

அடுத்தது வெள்ளக் கோடு.
மரக்கூரைப் பாலத்தின் தூணில்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஆண்டுகள்,
வளரும் பிள்ளையைச் சுவரில் நிறுத்திக் குறித்ததுபோல.
உச்சக் கோடு துளசிகாவின் தலைக்கு மேல் ஒரு சாண்.
அவள் எம்பித் தொட்டாள்.
கீழே ஆறு
தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நடந்தது.

மூன்றாவதில்தான் சண்டை.
மரங்களைப் பிணைத்துத் தெப்பமாய் ஓட்டி வந்தவர்கள்
இராத்தங்கக் கட்டிய இரும்பு வளையங்கள்
கரைச்சுவரில் எத்தனை?
ஆறு என்றேன். ஏழு என்றாள்.
ஒன்று பாதி உடைந்து
துருவே இரும்பாய் நின்றது.
"அது வளையமில்லை பிள்ளை, கொக்கி."
"கட்டினவனைக் கேட்டுப் பாருங்கோ அப்பா."
ஆறு என்று போட்டேன்.
ஆறே விடையாய் வந்தது:
நீல அம்பு நடுநீரில், இரண்டு வாத்துகளுக்கு இடையில்.
ஏழு என்று போட்டாள்:
கரையோரம், முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு மரம்.
உடைந்ததும் கணக்கில் சேர்த்தி என்று
கணக்கே சொன்னபிறகு
நான் என்ன சொல்ல.

வில்லோ மரத்து வேருக்குள் கைவிட்டு
முழங்காலில் நின்ற நேரம்
நாயோடு வந்த ஒரு பெண் நின்றாள்.
எதையாவது தொலைத்துவிட்டீர்களா?

இருபத்துநாலு வருடம்
எத்தனை மேசைகள், எத்தனை படிவங்கள்,
உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிய வாய்.
இந்த விளையாட்டுக்கோ ஒரே சட்டம்:
வெளியாளுக்கு மூச்சுவிடக்கூடாது.
"திறப்பு" என்றான் பகீரதன், என்னை முந்தி.

அவள் குந்திவிட்டாள்.
மழைக்கோட்டின் நுனி சேற்றில் புரள
புல்லைப் பேன் பார்ப்பதுபோல் பிரித்துப் பிரித்து,
பத்து நிமிடம்,
இல்லாத திறப்பை.
துளசிகா ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றாள்.
தோள் குலுங்கியது. சிரிப்போ என்னவோ.
கடைசியில் ஒரு சோடா மூடியை நீட்டி
இதுவாக இருக்காதே என்றாள்,
தன்மேல் பிழைபோல.
போகும்போது நாய் மட்டும்
திரும்பித் திரும்பிப் பார்த்தது,
வேரின் மறுபக்கத்தை.

நாய் பார்த்த இடத்தில் டப்பா இருந்தது.

உள்ளே பீடியளவு சுருட்டிய தாள்.
பெயர், தேதி. அரிசி அகலக் கட்டங்கள்.
சிவசோதிலிங்கம் என்று எழுத
என் பெயர் கோட்டைத் தாண்டி
நாளை வருகிறவனின் இடத்துக்குள் போய்விட்டது.
துளசிகா ஒரு பிளாஸ்டிக் டைனோசரை எடுத்துக்கொண்டாள்.
எடுத்தால் ஒன்று வைக்கவேண்டும்.

பகீரதன் கொத்தை எடுத்து
சைக்கிள் பூட்டுத் திறப்பை நகத்தால் நெம்பிக் கழற்றினான்.
சைக்கிள் களவுபோய் மூன்று வருடம்,
பூட்டும் அதோடு போயிற்று.
டப்பாவுக்குள் போட்டு மூடினான்.
"இப்ப பொய்யில்லை."

பணிஸைக் கடித்தபடி திரும்பினோம்.
வளைவுக்கு அப்பால், வாங்கடியில்,
குனிந்து இன்னும் தேடிக்கொண்டிருந்தாள் அவள்;
நாய் அருகே சலித்துப் படுத்திருந்தது.

மூவரும் நின்றோம்.
வாயில் மீன், கையில் டைனோசர்,
பக்கத்தில் நதி.

ஆர் போய்ச் சொல்லுறது?