கதவின் சுருள்வில்

பிரேமனில் பதினோரு வருடம்
இரவு ரொட்டி சுட்டாள் வீப்கே.
மாவு உப்பும் நேரத்தில்
பழைய மடிக்கணினியை அடுப்போடு பேசவைத்தாள்;
கடவுச்சொல் கேட்கவேயில்லை அடுப்பு.

செவ்வாய்க்கிழமைகளில்
ரயில் பாலத்தடி நிலவறை.
அங்கே முதல் கேள்வியே
"எதைத் திறந்தாய்?"
சைக்கிள் பூட்டு, ஓட்டல் அட்டை, அப்புறம்
நகராட்சி நீச்சல்குளத்தின் கணக்குப் புத்தகம்.
ஓட்டையைக் கடிதமெழுதிச் சொன்னாள்.
போலீஸ் வந்தது.
மறுவருடம் அதே நகராட்சியிலிருந்து
வேலை வந்தது.

இப்போது வங்கிகள் கூலி கொடுக்கின்றன,
திருட்டுத்தனமாய் நுழைந்து காட்டச் சொல்லி.

ஜனவரி. ஆறரை மணி இருட்டு.
இரு கையிலும் ஆவி பறக்கும் ரொட்டித் தட்டு.
காவலாளி டெட்லெஃப் ஓடிவந்து
கதவைப் பிடித்துக்கொண்டார்:
"கை சுடப்போகுது, சீக்கிரம் உள்ளே வா."
ஒரு ரொட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.
சர்க்கரை வியாதி என்று சிரித்தார்.

ஏழாம் மாடி, சர்வர் அறை,
நாற்பது நிமிடம்.

அறிக்கை முப்பத்தொரு பக்கம்.
உள்ளே விட்டது யார் என்று
மூன்று மின்னஞ்சல் வந்தாயிற்று.
ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்தபடி
தட்டச்சு செய்கிறாள்:
"வாசல் கதவின் சுருள்வில் தளர்ந்திருக்கிறது."

பொய்யில்லை.
அதுவும் தளர்ந்துதான் இருந்தது.