ஜீரோ பாயிண்ட்

கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில்
என் கணவர் முனிரத்தினம் அளவுகோலைப் படிக்கிறார்.
காலை ஆறு: நூற்று நாற்பது கன அடி.
பகல் பன்னிரண்டு: தொண்ணூற்றாறு.
அந்திக்கு சுப்பராயுடுவின் போன், ஆந்திரப் பக்கமிருந்து:
"மூசேசாம் அன்னா."
மூடியாயிற்று.

ஊத்துக்கோட்டை வாடகை வீட்டு மாடியறையில்
நானும் அதே வேலைதான் பார்க்கிறேன்.
என் கால்வாய்கள் கொஞ்சம் தூரம்.
குளிர்ந்த வாயு விழும்வரை
ஒரு விண்மீன் திரள் நட்சத்திரம் ஈனும்,
ஆண்டுக்கு இரண்டு சூரியன், மூன்று சூரியன்.
பிறகு வரத்து நிற்கும்.
வாயு இல்லாமல் இல்லை, சுற்றிலும் கிடக்கும்;
கொதிப்பில் கீழே இறங்காது.
வைகாசியில் நாகலாபுரம் மலைமேல் நிற்கிற மேகம் மாதிரி,
பார்க்கலாம், குடிக்க முடியாது.

ஷட்டர் இறங்கிய சேதி
பூண்டி ஏரிக்கு அன்றே எட்டுவதில்லை.
மறுநாளும் சென்னைக்குக் குழாய் ஓடும்.
திரளும் இருப்பைத் தின்றே
நானூறு கோடி ஆண்டு தள்ளிவிடும்.
எங்கள் துறையில் இதற்குப் பெயர் கழுத்து நெரிப்பு.
"தண்ணி அடைச்சதுக்கா இவ்ளோ பெரிய பேரு?"
சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

நெரித்ததா, ஒரே அடியில் போனதா,
அது எப்படித் தெரியும் உனக்கு?

உலோகத்தை வைத்து, என்றேன்.
புது வாயு வந்து கலக்காவிட்டால்
செத்த நட்சத்திரங்கள் கக்கிய இரும்பும் மக்னீசியமும்
மிச்சத்தில் ஏறிக்கொண்டே போகும்.
கடைசியாய்ப் பிறந்தவற்றின் ஒளியில் அது தெரியும்.
ஒரே அடியென்றால் ஏற நேரம் ஏது?

கை கழுவாமல் எழுந்துபோய்
பையிலிருந்து நோட்டை எடுத்துவந்தார்.
போன வருஷம் மூடிக்கிடந்த தொண்ணூறு நாள்,
ஏரித் தண்ணீரின் உப்பு.
என் திரையின் வளைகோட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.
பருக்கை ஒட்டிய தாளில்
அதே ஏற்றம்.

"ஆனா ஏரி கனம் குறையாது," என்றார். "வண்டல் சேரும்."

ஆமாம்.
பிறப்பு நின்ற பிறகும் திரள் பெருக்கும்,
அவிந்துபோன சின்னத் திரள்களை விழுங்கி.
நீல நட்சத்திரங்கள் ஊதாரிகள், முதலில் முடிந்துபோவார்கள்.
சிவப்பு சிக்கனமாய் எரியும்,
யாரும் கேட்காத காலத்துக்கு.

நள்ளிரவுக்குப் பத்து நிமிஷம் இருக்க
டார்ச்சையும் வண்டிச் சாவியையும் எடுத்தார்.
மூடியாச்சே, இன்னும் என்ன படிக்க, என்றேன்.
செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"பூஜ்யத்தையும் போய்ப் பார்த்துதான் எழுதணும்."