ஏழாவது துளி

முன்கையில் பன்னிரண்டு துளிகள்,
துளிக்கொரு ஊசிக்குத்து.
கால்மணி நேரம் கழித்து
ஏழாவது மட்டும் பட்டாணி அளவு எழும்பி நின்றது.
"பரியெத்தாரியா" என்றார் டாக்டர் பொதெஸ்தா,
மாடிவீட்டுக்காரியைச் சொல்வதுபோல.
"உங்கள் ஜன்னலுக்கு வெளியேதான் இருப்பாள்."

இருந்தாள்.
ஜெனோவாவில், துறைமுகத்துக்கு மேலே,
வெயில் வழிதவறினால் மட்டும் வரும் சந்து.
பதினோரு வருடம் என் ஈரத்துணிகள்
உரசி உரசிக் காய்ந்த சுவரில்
செந்தண்டு, மங்கல் இலை.
பூ என்று சொல்ல ஒன்றுமில்லை,
கணுவுக்குக் கணு பச்சைப் பொடிமணி.

காஞ்சொறிக்குப் பங்காளியாம்;
கடிக்கத் தெரியாது.
தொட்டால் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்ளும்,
கடன் கேட்க வந்தவனைப்போல.
காலைச் சூடு பட்டதும்
உள்ளே மடங்கிக் கிடக்கும் கேசரம்
வில்லாய்த் தெறித்து
ஒரு சிட்டிகை புகை.
அவ்வளவுதான்.
அதற்குத்தான் மார்ச் முதல்
என் நெஞ்சு கெண்டிபோலச் சீட்டியடிக்கிறது.

மே மாதம் நகராட்சி வில்மெரை அனுப்பியது.
குவயாகிலில் பிறந்தவன்; இடுப்பில் கயிறு, கையில் சுரண்டி.
நான்காம் மாடியில், என் காப்பிக்கு நேர் எதிரே தொங்கினான்.
"ஒன்று விடாமல் பிடுங்கு" என்றேன்
கைக்குட்டைக்குள்ளிருந்து.
பிடுங்கிக் காட்டினான்:
வேரோடு வந்தது அரைக்கிலோ சுண்ணாம்பு,
அதன் பின்னாலேயே ஒரு கல்லின் மூலை.
"சிக்னோரா, இன்னும் இழுத்தால்
உங்கள் சமையலறை எனக்குத் தெரியும்."

சுவர் இருந்தால்தானே சித்திரம்;
சுவர் இருந்தால்தானே தும்மலும்.
மேலோடு நறுக்கு, போதும் என்றேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டான்.
கைக்கு அகப்பட்டது, விவாகரத்தில் எனக்கு மிஞ்சிய புட்டி:
கையும் பிரஷும் நுழையாத கழுத்து,
அடியில் ஏதோ ஒரு கிறிஸ்துமஸின் ஒயின் கறை.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
நறுக்கியதில் ஒரு பிடி உள்ளே திணித்து,
தண்ணீர் விட்டு,
கயிற்றில் ஆடியபடியே குலுக்கினான்.
ஆஸ்தியில் இரண்டு அறுவடை
ஒயின் கிடங்கில் புட்டி கழுவினானாம்;
அங்கே இதற்குப் பெயரே கண்ணாடிப் பூண்டு.
பச்சைச் சாறு சந்தில் கொட்டியது.
கீழே யாரோ என் குடும்பத்தைத் திட்டினார்கள்.

செப்டம்பரில் ஒரே ஒரு மழை.
நறுக்கிய இடத்தில் இரண்டு இலை.
ஜன்னலோரம் நிற்கிறது புட்டி,
இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் அளவுக்குச் சுத்தமாய்.
அதன் வழியே பார்த்தால்
செடி கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிவிட்டு
துணி காயப்போட வந்தேன்.