யாருக்கு ஆகாது

புதன் இரவுக்குள் நான்கு கட்டுரை என்கிறாள் ஷு யீ.
மேசை விசிறி, ரைஸ் குக்கர், தூசி உறிஞ்சி,
தானே கொதித்துத் தானே அணையும் கெட்டில்.
நான்கு மொழியில் வரும் இலவச மாத இதழ்;
தமிழ் என் பங்கு, கட்டுரைக்கு அறுபது வெள்ளி.
பெட்டிகள் வந்து இறங்கியதிலிருந்து
செங்காங் வீட்டுக் கூடத்தில்
ஒருக்களித்துத்தான் நடக்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு மிக்சிக்கு இரண்டு நாள்.
முதல் வாக்கியத்துக்கே ஒரு நாள்.
'இன்றைய பரபரப்பான வாழ்க்கையில்'
என்று தொடங்கி, அழித்து,
'சமையலறை என்பது'
என்று தொடங்கி, அழித்து,
கீழே போய்க் கோப்பி ஓ குடித்து
ஏறி வந்து உட்கார்ந்து
'இன்றைய பரபரப்பான வாழ்க்கையில்.'

இப்போது முதல் வாக்கியம் கடைசியில்தான்.
பெட்டியைப் பிரிக்கும்போதே
கைபேசியிடம் பேசிக்கொண்டு பிரிக்கிறேன்:
ஒயர் குட்டை.
மூடி இடக்கைக்காரருக்கு இடிக்கும்.
இரண்டு குவளை பொன்னி, இருபத்தெட்டு நிமிடம், அடியில் பொருக்கு.
தூசி உறிஞ்சியைப் போட்டதும்
எதிர்வீட்டு நாய் குரைத்தது, அதையும் குறித்துக்கொள்.
கம்பெனி அனுப்பிய தாளில்
பெயரடைகளையெல்லாம் பேனாவால் அடித்தால்
எடையும் நிறமும் மிஞ்சும்.
சில தாள்களில் நிறம் மட்டும்.

பிறகு ஒரே கேள்வி:
இது யாருக்கு ஆகாது?
பதில் வந்துவிட்டால்
மற்ற வரிகள் சுடுசோறு போலக் கரண்டியில் ஏறும்.
நாற்பது நிமிடம். கை ஓடினால் முப்பத்தைந்து.

கேள்வி என்னுடையதல்ல.
போன ஜூனில் மின்தூக்கியில் கிடைத்தது.

பதினோராம் மாடி குணவதி
மார்போடு ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு ஏறினார்.
பெட்டியை முதலில் நான்தான் அடையாளம் கண்டேன்.
'கொதித்ததும் இனிய இசையுடன் அழைக்கும்'
என்று நான் எழுதிய கெட்டில்.
எழுதிய அன்று
அதன் பிளக்கைக்கூட நான் செருகவில்லை.
தாளில் 'இசை' என்றிருந்தது,
'இனிய' என் கைச்சரக்கு.

"ராத்திரி டாக்சி ஓட்டுற மனுசன் வீட்டுல.
ஒவ்வொரு தடவையும் திடுக்குன்னு எழுந்து உட்கார்றாரு.
கடையில ஏழு நாள் தாண்டிருச்சுங்கிறான்."
கோபமாகச் சொல்லவில்லை.
வெண்டைக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.
"பகல்ல தூங்குறவங்க இருக்குற வீட்டுக்கு ஆகாதுன்னு
ஒரு வரி போட்டிருக்கலாம், எழுதினவங்க."

எழுதினவள் மின்தூக்கியின் எண்களைப் பார்த்தாள்.
நான்கு. மூன்று.
கதவு திறந்ததும்
பெட்டிக்கு வழிவிட்டாள்.

இன்று அதே கம்பெனி, புது மாடல்.
மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றி
படுக்கையறைக் கதவைச் சாத்தி உள்ளே படுத்தேன்.
ஐந்து முறை கத்தியது.
சத்தத்தைக் குறைக்கப் பொத்தான் இல்லை.
எழுந்து வந்து முப்பத்தொரு நிமிடத்தில் முடித்தேன்,
என் சாதனை,
இரண்டாம் பத்தியிலேயே அந்த வரி.

ஐந்து மணிக்கு ஷு யீயின் செய்தி:
'நல்ல வேகம்! மற்ற மூன்று மொழியிலும் இல்லையே,
தூங்குபவர் பற்றிய அந்த வரி,
எடுத்துவிடலாமா?
பின்னட்டை விளம்பரம் அவர்களுடையது.'

எழுதுகிறேன். அழிக்கிறேன்.
'எடுக்கலாம்' என்பதற்கு ஐந்து எழுத்து.
'வேண்டாம்' என்பதற்கும் அவ்வளவுதான்.
நாற்பது நிமிடமாகிவிட்டது.
கெட்டிலில் தண்ணீர் ஆறிப்போய்
மறுபடி பொத்தானை அழுத்திவிட்டு
அது கத்துவதற்குள்
பதில் அனுப்பிவிட வேண்டும் என்று நிற்கிறேன்.