இருபத்தெட்டாம் நாள்

துவாஸ் உலையில் எரிந்து மிஞ்சிய
சாம்பலைச் சலிக்கிறேன்.
காந்தம் ஆணிகளைப் பொறுக்குகிறது.
பித்தளைச் சாவி ஒன்று காந்தத்துக்கும் மசியவில்லை.
எந்த புளோக், எந்தக் கதவோ.

மணலுக்குப் பதில் இதைப் போட்டு
வார்த்த கான்கிரீட் கட்டி, பத்தொன்பதாம் எண்,
இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்து
இன்று எந்திரத்தின் வாய்க்குள்.

சுல்ஃபா எண்களைச் சத்தமாக வாசிக்கிறாள்.
முப்பது. முப்பத்தொன்று.
பக்கத்து அறையில் போத்தல்கள் குலுங்குகின்றன;
ஈயம் எவ்வளவு கசிந்ததென்று திங்கட்கிழமைதான் தெரியும்.
போன தடவை வரம்பைத் தாண்டியது.
'சற்றே' என்று எழுதியிருந்தேன்.
சுல்ஃபா அந்தச் சொல்லை மட்டும் அடித்தாள்.

முப்பத்திரண்டில் வெடித்தது.
சப்பாத்தின் மேல் சாம்பல்,
இரண்டாம் முறையாக.

இரவு மரின் பரேட்டில் இறங்கி நடக்கிறேன்.
ஒருகாலத்தில் இங்கே அலை.
காலடியில் இருப்பது எந்தக் குன்றோ,
எந்த ஆற்றின் மடியோ,
நடைபாதைப் பலகையில்
சைக்கிளுக்கான வேக வரம்பு மட்டும்.

பதினோராம் மாடி.
அடுப்படிக் குழாயின் மூடியைத் திறந்து
மீன் முள், பால் பெட்டி, கிழிந்த குடை
எல்லாவற்றையும் தள்ளுகிறேன்.
இடித்து இடித்துக் கீழே போகிறது
இருபதாம் எண்.