ஏனையவை

எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை
அரசாங்கத்தின் மணி.
முன்னும் பின்னும் உள்ளது தாயின் மணி.
நடுவே கோடு கிழிப்பது என் வேலை.
அதற்கென்றே ஒரு சிவப்புப் பேனையும்
முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டமும்
வாங்கித் தந்திருக்கிறார்கள்.

களுவாஞ்சிகுடியில், பிரதான வீதியிலிருந்து
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
மஞ்சள் மதில் எங்களுடையது.
யானைக்குட்டியின் வயிற்றில்
'இலவசம்' என்று பெரிதாய் எழுதியிருந்தோம்.
போன மாரிக்குப் பிறகு
முதல் இரண்டு எழுத்துத்தான் மிச்சம்.

ஆறே முக்காலுக்கு விஜிதமலர் வருவாள்.
ஆதார வைத்தியசாலையில் சிற்றூழியர்,
ஏழுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும்.
அபிநயனைக் கேற்றுக்குள் இறக்கிவிட்டு
திரும்பிப் பாராமல் சைக்கிளை உழக்குவாள்.
அந்த ஒன்றே முக்கால் மணித்தியாலம் அவளுடையது.
அதில் அவன் அழுவான்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கு வழிய,
மணிக்கு எழுபத்தைந்து ரூபாய்க்கு அழுவான்.
எட்டரைக்கு மணியடித்ததும்
பாட்டு, களிமண், அவித்த பயறு.
அவனும் சிரித்துவிடுவான்,
சுற்றறிக்கை வாசித்தவன்போல.

பதினொன்றரைக்குப் பிறகு நித்திரை.
பன்பாயில் ஒன்பது பேர்,
ஒன்பது தாய்மாரின் கணக்கில்
வாய் திறந்து.

பற்றுச்சீட்டில் மூன்று வரி.
மேலதிக நேரம்.
சவர்க்காரம், விளக்குமாறு, மின்சாரம்.
ஏனையவை.
ஏனையவை என்டா என்ன டீச்சர் என்றால்
"மேல கேளுங்க" என்பேன்.
மேலே தகரம்தான் இருக்கிறது.

ஏனையவை என்பது நான்.
என் சம்பளத்தில் பாதி.
அரசாங்கம் தன் மணிக்குத் தரும் காசு
நாலு மாதம் பிந்தி, உடைந்து வரும்.
பிள்ளை வராத நாளுக்கு அதுவும் இல்லை.
ஆகவே எங்களிடம்
வராத பிள்ளைகளும் வருவார்கள்.

கார்த்திகை கடைசியில்
நான் மிச்சக் காசு எடுக்கத் திரும்பிய நேரம்
விஜிதமலர் இடாப்பைப் பார்த்துவிட்டாள்.
பதினாலாம் திகதியில் விரலை வைத்தாள்.
"அண்டைக்கு இவன் வந்தவனா?"

சரி போட்டிருந்தது. என் சரி.
வால் நீண்ட, அழகான சரி.

"அண்டைக்கு இவன் எங்கட ஆறாம் வார்ட்டில
டெங்கோட கிடந்தவன் டீச்சர்.
சேலைன் ஏறி முடியுமட்டும் பக்கத்தில நிண்டன்.
மறுகா அந்த வார்ட்டையும் நான்தான் கூட்டின."

வெளியே மழை.
தகரத்தில் அது போட்ட சத்தம்
எனக்கு உதவியாக இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை.
யாருக்கு எழுதுவேன் என்றும் சொல்லவில்லை.
விரலை எடுக்காமலே கேட்டாள்:
"அந்த மூண்டு மணித்தியாலத்த எனக்குத் தாங்களன்.
இந்த மாசப் பின்னேரத்தில கழிச்சுவிடுங்க."

கழிக்க ஏலாது.
காலை மணியைப் பின்னேரத்துக்கு நகர்த்த
இடமில்லை என்று எழுத்தில் இருக்கிறது.
காய்ச்சல்காரப் பிள்ளையை
கட்டிலோடு தூக்கி வந்து
களிமண் மேசையில் இருத்திய கை,
மூன்று மணித்தியாலத்தை
சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்
தள்ள ஏலாது என்றது.

"ஓம், விளங்குது" என்றாள்.
எனக்குத்தான் விளங்கவில்லை.

ஈரப் பையைத் திறந்து எண்ணி வைத்தாள்.
தாள்களில் டெற்றோல் மணம்.
ஏனையவைக்கு நேரே தொகை எழுதாமல் விட்டேன்.
அவளே விரலால் தட்டிக் காட்டினாள்,
"இதையும் போடுங்க, பிறகு கணக்கு இடிக்கும்."

மறுநாளும் ஆறே முக்காலுக்கு வந்தாள்.
வேறெங்கே கொண்டு போவாள்?
அபிநயன் அன்று அழவில்லை.
கம்பியைப் பிடித்தபடி
என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.
எட்டரைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.