பதினொன்று பத்து

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி.
எங்களுக்கு இரவு கிடையாது.
இரவு என்பது ஏழு பேர் படுக்கும் இடம்.

எங்களுக்கு இருந்தது செவ்வாய்க்கிழமை.
அவருக்கு ஹார்பரில் நைட் முடியும்.
சௌகார்பேட்டையில் ரெண்டு வீட்டுப் பாத்திரம் முடித்து
பத்தரைக்கு நான் வந்துவிடுவேன்.
பிள்ளைகள் மூன்றும் பள்ளிக்கூடத்தில்,
கொழுந்தன் காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டு,
மாமியார் மகள் வீட்டில்.
வரும் வழியில் போனில் கேட்பார்:
அரிசி ஊறவெச்சிட்டியா?
ஊறுது, என்று அனுப்புவேன்.

பதினொன்று பத்துக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி.
ஜன்னல் கம்பி, எவர்சில்வர் டம்ளர், பீரோ கண்ணாடி
எல்லாம் நடுங்கும் அந்த நிமிஷத்தில்
நான் வாய்விட்டுச் சத்தம் போடலாம்.
பதினான்கு வருஷக் கல்யாணத்தில்
என் சத்தம் எப்படி இருக்கும் என்று
டில்லிபாபுவுக்கும் ரயிலுக்கும்தான் தெரியும்.

மார்ச்சில் வண்டியை நிறுத்தினார்கள்.

வீட்டிலேயே இருங்கள் என்றது ஆட்டோ ஸ்பீக்கர்.
ஆறடி தள்ளி நில்லுங்கள் என்றது.
பத்துக்குப் பன்னிரண்டு ரூமில்
ஆறடியை எங்கே கொண்டுபோய் வைப்பது?
ஊர் அடங்கிப்போனதில்
என் கண்ணாடி வளையல் புரண்டால்கூட
நாலாவது மாடியில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.
கழற்றி மஞ்சள் டப்பாவில் போட்டேன்.

சின்னவன் என் வயிற்றில் காலைப் போட்டுத் தூங்குவான்.
பெரியவள் முழங்கை. கொழுந்தனின் குறட்டை.
அதற்கும் அந்தப் பக்கம், சுவரோரம்,
தூங்காத ஒரு ஆள்.

ஒருநாள், நாலடி தள்ளி உட்கார்ந்துகொண்டு
பழைய கேள்வியை அனுப்பிவிட்டார்.
போன் ஆன்லைன் கிளாசில் இருந்தது.
ஹேமா உரக்கப் படித்தாள்:
"யம்மா, அரிசி ஊறவெச்சியான்னு அப்பா கேக்குது.
இங்கதான குந்தினுகீது?"
மாமியார் எழுந்து போய்
நிஜமாகவே ஊறவைத்தார்.
மறுநாள் இட்லி.
அவர் தலையைத் தூக்காமல் எட்டுத் தின்றார்.

ஒரு ராத்திரி, துணி எடுக்கிற சாக்கில்
முன்பின்னாக மொட்டைமாடி ஏறினோம்.
தண்ணித் தொட்டிக்குப் பின்னால்
ஏற்கெனவே யாரோ.
அவர் இருமினார்.
அவர்களும் இருமினார்கள்.
திரும்பி வந்துவிட்டோம்.

இருமல் என்றால் ரெஜினாவைச் சொல்ல வேண்டும்.
முதல் மாடி.
ஒயின்ஷாப் மூடிய பிறகு
அவள் புருஷனின் கைக்கு வேறு வேலை இல்லை,
மத்தியானம், ராத்திரி, விடியக்காலை.
முதல் இருமல் தானாக வந்ததாம்.
கை சட்டென்று விலகியது.
அதற்கப்புறம் தேவைப்பட்டபோதெல்லாம் இருமினாள்.
காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண்
பெயரை எழுதிக்கொண்டு போனாள்.
வேன் வந்தது. வாசலில் தகரம் அடித்தார்கள்.
ஏதோ ஒரு காலேஜ் கிளாஸ்ரூமில் கட்டில் கொடுத்தார்களாம்.
திரும்பி வந்தபோது கன்னம் பூசியிருந்தது.
குழாயடியில், மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னாள்:
"பதினாலு நாள்க்கா. குப்புறப் படுத்துத் தூங்கினேன்."
குடம் நிரம்பி வழிந்ததை
ரெண்டு பேரும் பார்க்கவில்லை.

வண்டி திரும்ப ஓட மாசக்கணக்கானது.
பள்ளிக்கூடம் அதற்கும் மேல்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
வீடு காலி.
போனில் அதே கேள்வி.
பதில் அனுப்பவில்லை.
கதவைத் தாழிட்டேன்.
ரூமுக்கு நட்ட நடுவில், வெறும் தரையில்,
கையையும் காலையும் எவ்வளவு நீளமோ அவ்வளவும்
நீட்டிப் படுத்தேன்.
யாருடைய முழங்கையும் இல்லை.
யாருடைய மூச்சும் இல்லை.
தரை சில்லென்று இருந்தது, முதுகு முழுக்க.
இந்த உடம்பு இவ்வளவு பெரிசா?

ரெண்டு தட்டு.
"கொஞ்சம் இரு," என்றேன்.
படியில் உட்காருகிற சத்தம்.
கதவிடுக்கில் பீடிப் புகை.
"இன்னும் ஊறல," என்றேன், எழுந்திருக்காமல்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஊறட்டும்," என்றார்.
சிரித்தாரா, கோபமா, தெரியவில்லை.
அப்போதுதான் வண்டி போனது.